48 எம்.பி. எங்கே போச்சு?

2000-களின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டு நடைபாதைகளில் ஒரு சி.டி. சக்கைப்போடு போட்டது. அட்டையில் இளையராஜா, எஸ்.பி.பி., ஜானகி முகங்கள் நெருக்கியடிக்கும். கீழே கொட்டை எழுத்தில் ‘150 பாடல்கள்’. அதுவரை மியூசிக் கடையில் காசு கொடுத்து வாங்கிய சி.டி.யில் இரண்டு படப் பாட்டு இருந்தாலே பெரிய விஷயம். அதே தகடு, அதே அகலம், பத்து மடங்கு பாட்டு. எப்படி என்று கேட்டால், “இது எம்பி3 சார், அப்படித்தான் வரும்” என்பதோடு கடைக்காரரின் விளக்கம் முடிந்துவிடும். அது திருட்டு சி.டி. என்பது தனி வழக்கு. அதை விடுவோம், கணக்கைப் பார்ப்போம்.

சி.டி.யில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று ஏறக்குறைய 53 எம்.பி. பிடிக்கும். அதே பாட்டு நடைபாதைத் தகட்டில் நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக உட்கார்ந்திருந்தது: 4.8 எம்.பி. மீதி 48 எம்.பி. போன இடம் தெரியவில்லை. பதினோரு பங்கில் பத்துப் பங்கு காணாமல் போயும் டீக்கடையிலோ டவுன் பஸ்ஸிலோ யாரும் முகம் சுளிக்கவில்லை.

கேட்காத ஒலிகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. 128 கிலோபிட்டில் ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை எடுத்துவிடுவது வழக்கம்தான். நாற்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு அந்த உயரத்தில் எதுவும் கேட்காது. ஆனால் அந்த ஒரு வெட்டில் மிச்சமாவது கொஞ்சம். பெரிய மிச்சம் எண்களைக் குத்துமதிப்பாக எழுதுவதில் வருகிறது. 1,237 என்று இருப்பதை 1,200 என்று எழுதினால் இடம் மிச்சம், ஆனால் 37 போச்சு. அந்த 37 சும்மா போவதில்லை. பாட்டோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய இரைச்சலாக வெளியே வருகிறது. ஒலியைச் சுருக்கும் மென்பொருள் எதுவானாலும் இப்படிப் பிழை செய்தே தீரவேண்டும். அந்தப் பிழையை எங்கே ஒளித்துவைக்கிறது என்பதில்தான் அதன் கெட்டிக்காரத்தனம்.

ஒளித்துவைக்க இடம் கொடுப்பது நம் காது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்து நாற்காலிக்காரரின் வாயசைவுதான் தெரியும். அவர் பேச்சு காதுக்கு வந்து சேரத்தான் செய்கிறது. தவில் அதை மூடிவிடுகிறது. பலத்த ஒலி, தன் அதிர்வெண்ணுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள மெல்லிய ஒலிகளை மறைக்கும். தனக்கு மேலே உள்ளவற்றை அதிகமாக, கீழே உள்ளவற்றைக் குறைவாக. காலத்திலும் இது உண்டு. பலமான அடி ஓய்ந்த பிறகும் நூறு மில்லிநொடிக்கு மேல் காது மந்தமாகவே இருக்கும். அடிக்குச் சற்று முன்னால் வந்த ஒலியையும் அந்த அடி விழுங்கும், ஆனால் சில மில்லிநொடிகளுக்கு மட்டுமே. இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால் பெரிய தலைவலி ஆகப்போகிறது.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்காகக் கண்டுபிடித்த சங்கதிகள் அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி பிளெட்சரின் குழு 1930-களிலேயே காது எதைக் கேட்கும், எதைக் கோட்டைவிடும் என்று அளந்து வைத்திருந்தது. அவர்கள் கவலை டெலிபோன். ஜெர்மனியின் எபர்ஹார்ட் ஸ்விக்கர் 1961-இல் காது கேட்கும் பரப்பு முழுவதையும் 24 பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பட்டைக்குள் பலமாக ஒலிப்பது அதே பட்டைக்குள் இருக்கும் மெல்லியதை அமுக்கிவிடும். அந்தப் பட்டைக் கணக்கு இல்லாமல் எம்பி3 இல்லை.

எம்பி3-இன் சொந்த ஊர் ஜெர்மனியின் எர்லாங்கன். அங்குள்ள பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் சைட்சருக்கு ஓர் ஆசை: டெலிபோன் கம்பி வழியே இசையை அனுப்ப வேண்டும். அப்போது வரவிருந்த ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் டெலிபோன் இணைப்பில் 64 கிலோபிட் தடங்கள் இரண்டு, சேர்த்தால் 128. நம் பாட்டுப் பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்ட அதே 128. சி.டி. ஒலியை அதற்குள் அடக்குவது ஆகாத காரியம் என்று காப்புரிமை அலுவலகம் கைவிரித்தது. சைட்சர் அந்தப் பிரச்னையைத் தன் ஆராய்ச்சி மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கிடம் கொடுத்தார். அந்த மாணவருக்கும் ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. முடியாது என்று நிரூபித்துவிட்டு முனைவர் பட்டம் வாங்கிவிடலாம் என்ற எண்ணம்தான். 1987-இல் எர்லாங்கனின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் பல்கலைக்கழகமும் கைகோத்து வேலையைப் பெரிதாக்கின. 1989-இல் பிராண்டன்பர்க்கின் ஆய்வேடு முடிந்தது.

முடியும் தறுவாயில்தான் ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. சூசன் வேகா 1987-இல் வெளியிட்ட ‘டாம்ஸ் டைனர்’ பாட்டு. வாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது, ஒற்றைக் குரல். ஒலிபெருக்கிகளைச் சோதிக்க அந்தப் பாட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று பத்திரிகை ஒன்றில் படித்த பிராண்டன்பர்க், அதைத் தன் முறையில் சுருக்கிப் பார்த்தார். ஆர்கெஸ்ட்ராவெல்லாம் அழகாக வந்த இடத்தில் இந்தக் குரல் கரகரவென்று சிதைந்து வந்தது.

காரணத்தைப் பார்த்தால் நியாயம் புரியும். ஐம்பது வாத்தியம் முழங்கும்போது பிழையை ஒளிக்க ஐம்பது மறைவிடம் இருக்கிறது. ஒற்றைக் குரலுக்குப் பக்கத்தில் மௌனம்தான் இருக்கிறது. மௌனத்தில் எதையும் ஒளிக்க முடியாது. போதாததற்கு, வேகாவின் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் நின்றது. அன்றைய முறை இடத்தையும் வலத்தையும் தனித்தனியே சுருக்கியதால் பிழை இரண்டு ஓரங்களிலும் சிதறியது. ஓர் ஒலி ஒரு திசையிலிருந்தும் இரைச்சல் வேறு திசையிலிருந்தும் வந்தால் நம் இரண்டு காதுகளும் சேர்ந்து அதைப் பிரித்துப் பிடித்துவிடும். இரு தடங்களுக்கும் பொதுவானதைத் தனியாகவும், வேறுபடுவதைத் தனியாகவும் சுருக்கும் வழி இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. அதே பாட்டை நூற்றுக்கணக்கான தடவை போட்டுப் போட்டுக் கேட்டு முறையைச் செப்பனிட்டார்கள். பின்னாளில் வேகாவுக்கு ‘எம்பி3-இன் தாய்’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

நம் ஊர்க் கச்சேரிப் பதிவைச் சுருக்குகிறவர்களுக்கு இதில் பாடம் உண்டு. தம்புரா மட்டும் துணையிருக்க, மெல்ல விரியும் ஆலாபனைக்கு 128 போதாது. முழு வாத்தியக் கோஷ்டியோடு வரும் சினிமாப் பாட்டு அதே 128-இல் சமாளித்துவிடும். ‘சின்னச் சத்தம்தானே, சின்னக் கோப்பு போதும்’ என்று நினைப்பது தப்புக் கணக்கு.

இன்னொரு சிக்கல் தாளக்காரர்களால் வந்தது. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளும். ஒரு துண்டில் 1,152 அளவுகள், சுமார் 26 மில்லிநொடி. துண்டுக்குள் செய்யும் பிழை துண்டு முழுவதும் பரவும். கஞ்சிராவில் ஒரு அடி விழுகிறது என்று வையுங்கள். அடி விழுவது துண்டின் கடைசிப் பகுதியில். அதற்கு முன்னால் நிசப்தம். அடிக்கான பிழை அந்த நிசப்தத்தின் மேலும் பூசப்பட்டுவிடும். காது சில மில்லிநொடிக்குத்தான் மன்னிக்கும் என்று சொன்னோமே, அது இங்கே. விரல் தோலைத் தொடுவதற்கு முன்பே ‘ஸ்ஸ்’ என்று ஒரு முன்னோசை. ‘டக்’ என்று விழவேண்டிய அடி ‘ஷ்டக்’ என்று விழும். எர்லாங்கன்காரர்கள் இதை ஸ்பானியர்களின் கையடக்கத் தாளக்கருவியான காஸ்டனெட்டில் கண்டுபிடித்தார்கள். கடமும் கஞ்சிராவும் அவர்கள் கையில் கிடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மருந்து, அடி வருகிற இடத்தில் மட்டும் துண்டைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொள்வது. பிழை பரவ இடம் குறையும். ஆனால் வேகமாக வேலை முடிக்கவேண்டும் என்பதற்காகச் சில பழைய மென்பொருள்கள் இந்த நறுக்கலையே தவிர்த்தன. அவற்றில் சுருக்கிய பாட்டுகளில் ஜால்ராவும் சிம்பலும் கூர்மை இழந்து குழைந்து ஒலித்ததற்கு இதுவும் ஒரு காரணம். குற்றம் எம்பி3 மேல் அல்ல, சுருக்கிய கை மேல். 1998-இல் தொடங்கிய லேம் என்ற இலவச மென்பொருள், அதே எம்பி3 விதிகளுக்குள் நின்றுகொண்டே கேட்டுக் கேட்டு மெருகேற்றப்பட்டது. இன்று எம்பி3 செய்ய வேறு எதையும் தேடவேண்டியதில்லை.

மீதிக் கதை வேகமானது. 1992-இல், ஒலிக்கும் படத்துக்கும் சர்வதேசத் தரங்களை வகுக்கும் எம்பெக் குழு தன் ஒலி முறைகளை முடிவு செய்தது. அதில் மூன்றாம் அடுக்குதான் எம்பி3. இரண்டாம் அடுக்கும் நமக்குப் பழக்கமானதுதான்: வி.சி.டி.யில் படம் பார்த்தபோது காதில் விழுந்தது அதுதான். 1995 ஜூலை 14 அன்று ஃபிரான்ஹோஃபர் ஊழியர்கள் கோப்பின் வாலுக்கு எம்பி3 என்று பெயர் வைத்தார்கள். 1998-இல் வந்த ரியோ என்ற கையடக்கப் பெட்டியில் 32 எம்.பி.தான் இடம், அரை மணி நேரப் பாட்டு. அதற்கே அமெரிக்க இசை கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. 1999-இல், பாட்டுகளை இணையத்தில் பகிர்ந்துகொள்ள வழிசெய்த நாப்ஸ்டர் வந்தது, இசை வியாபாரமே குடை சாய்ந்தது. 2017-இல் காப்புரிமைகள் முடிந்து உரிமக் கட்டணமும் நின்றது. எம்பி3 செத்துவிட்டது என்று அப்போது சிலர் இரங்கல் எழுதினார்கள். வேடிக்கைதான்: அன்றைக்குத்தான் அது எல்லோருக்கும் சொந்தமானது.

போன 48 எம்.பி.யைக் காதால் கேட்கவும் முடியும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அசல் பாட்டை ஒரு தடத்திலும், அதன் எம்பி3-ஐ அடுத்த தடத்திலும் போட்டு, இரண்டையும் நூல் பிசகாமல் நேர்ப்படுத்தி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்தால், பொதுவானதெல்லாம் கழிந்து வேறுபாடு மட்டும் மிஞ்சும். பல்லவி எது சரணம் எது என்று அடையாளம் தெரிகிற, ஆனால் கிசுகிசுப்பும் சலசலப்புமான ஒரு நிழல் பாட்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ரயன் மகுவயர், ‘டாம்ஸ் டைனர்’ இழந்த மிச்சத்தை வைத்தே ஒரு படைப்பைச் செய்தார். கேட்டால் ‘அடடா, இவ்வளவா போச்சு’ என்று பகீரென்றிருக்கும். பயப்பட வேண்டாம். தனியாக எடுத்தால் கேட்கிறது. பாட்டோடு இருக்கையில் பாட்டு அதை மறைத்திருந்தது.

மறைந்திருக்கிற பிழை மறைந்தே இருக்கும், யாரும் அதை மறுபடி சீண்டாத வரை. நம் ஆட்கள் கோட்டைவிட்டது இங்கேதான். செல்போன் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று அட்டை தொங்கிய காலம் தொட்டு, 320 என்ற எண்ணுக்கு ஒரு மவுசு. 128 பாட்டை எடுத்து 320 ஆக மாற்றிவிட்டால் தரம் கூடிவிடும் என்று நம்பிக்கை. மாற்றிக் கொடுக்கவும் ஆள் இருந்தது. கோப்பு 4.8-இலிருந்து 12 எம்.பி.க்கு ஊதியதுதான் மிச்சம். போன 37 திரும்ப வராது. 1,200-ஐ எத்தனை பெரிய தாளில் எழுதினாலும் 1,200-தான். மேலும் மோசம்: இரண்டாம் முறை சுருக்கும் மென்பொருளுக்கு எது பாட்டு, எது முதல் மென்பொருள் ஒளித்துவைத்த பிழை என்று தெரியாது. அதையும் பாட்டென்று நம்பிப் பத்திரமாகப் பாதுகாத்து, தன் பங்குக்குப் புதுப் பிழையையும் சேர்க்கும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. சந்தேகமான 320-ஐ ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். உண்மையான 320 என்றால் வண்ணம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும். ஊதிய சரக்கு 16,000-க்குப் பக்கத்தில் கத்தரித்தாற்போல் நிற்கும். அதற்கு மேல் பாட்டு முழுக்க ஒரே கறுப்பு. பழைய ஒலிப்பதிவு என்றால் மேலே இயல்பாகவே ஒன்றும் இருக்காது, ஆனால் அது மெல்ல மங்கும், கத்தரிப்பாக நிற்காது.

யூடியூபிலிருந்து ‘320-இல்’ இறக்கித் தருகிறோம் என்கிற தளங்களின் யோக்கியதையும் இதுவே. அங்கே ஒலி இருப்பதே பெரும்பாலும் 128 முதல் 160 கிலோபிட்டுக்குள்தான். ப்ளூடூத் கதையும் கேட்டு வையுங்கள். போன் பாட்டை விரித்து, ப்ளூடூத்துக்காக மறுபடி சுருக்கித்தான் காதுக்கு அனுப்புகிறது. சாதாரண ஹெட்செட்டுகளில் எஸ்.பி.சி. என்ற முறை. ஆகவே 128-ஐ ப்ளூடூத்தில் கேட்பவர் இரண்டு தலைமுறைப் பிழையைக் கேட்கிறார். கொஞ்சம் தாராளமான கோப்பை வைத்துக்கொள்ள இது நியாயமான காரணம். ஸ்டுடியோ தரக் கோப்பை ஜி.பி. கணக்கில் வாங்கி இதே ஹெட்செட்டில் கேட்பவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அப்படியானால் எவ்வளவு வைக்கலாம்? சி.டி.யிலிருந்தோ வேறு முழுத் தரப் பதிவிலிருந்தோ நேராகச் சுருக்கினால், லேமில் 190 கிலோபிட் அளவுக்கு வரும் மாறும் வீதம் பெரும்பாலோருக்குப் போதும். மாறும் வீதம் என்றால் எல்லா நொடிக்கும் ஒரே படியளக்காமல், தனி ஆவர்த்தனத்துக்கு அதிகமும் நிசப்தத்துக்குக் குறைவுமாகக் கொடுப்பது. சம வீதத்தைவிட இதுதான் புத்திசாலித்தனம். 1997-இல் வந்த ஏ.ஏ.சி. என்ற முறை அதே தரத்தை இன்னும் சின்னக் கோப்பில் தரும், கஞ்சிரா அடியையும் நன்றாகக் கையாளும். 2012-இல் வந்த ஓபஸ் இவை எல்லாவற்றையும் முந்துகிறது. 128 கிலோபிட் ஓபஸை அசலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல நல்ல காது வேண்டும். பழைய கார் ஸ்டீரியோவுக்கு ஓபஸ் புரியாது என்பது மட்டும்தான் குறை. நம் காதைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் இன்னொருவரை உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லலாம். கோப்பின் பெயரைப் பார்த்துக்கொண்டே கேட்பவருக்கு 320 எப்போதும் இனிக்கும்.

ஓபஸ் யாருக்கும் புதிதல்ல. வாட்ஸ்அப்பில் அத்தை அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக் கோப்பாகத் திறந்து பார்த்தால் வாலில் ஓபஸ் என்றுதான் இருக்கும். ஸ்கைப் கம்பெனி பேச்சுக்காகச் செய்த முறையையும், இலவச மென்பொருள்காரர்கள் இசைக்காகச் செய்த முறையையும் சேர்த்துத் தைத்தது இது. பேச்சில் சிக்கனம் அதிகம் செய்யலாம். மனிதக் குரல் தொண்டையிலிருந்து ஒரு வழியாகத்தான் வருகிறது. அந்த வழி எப்படி அசையும் என்பதை மென்பொருள் முன்கூட்டியே ஊகித்து, ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும். 24 கிலோபிட்டில் பேச்சு கண்ணாடியாகக் கேட்கும். அதே அளவில் அத்தை பாடினால் தேறலாம். பின்னால் ஆர்மோனியமும் சேர்ந்தால் தேறாது.

கடைசியாக, பீரோவுக்கு மேல் பெட்டியில் கிடக்கும் கேசட்டுகள். தாத்தாவின் பேச்சு, ஊர்க் கோயில் கச்சேரி, சீமந்தத்தில் பாட்டி பாடிய நலங்குப் பாட்டு. இவற்றை எம்பி3 ஆக்குகிறேன் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் நேராக எம்பி3-இல் பதிவு செய்துவிட்டு, கேசட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். முதலில் பிளேயரின் ஹெட்டைச் சுத்தம் செய்து, சுருக்கமே இல்லாமல் முழுதாகப் பதிவு செய்யுங்கள். மீட்டர் சிவப்பைத் தொடாமல் கொஞ்சம் கீழேயே நிற்கட்டும். அதை ஃபிளாக் கோப்பாக வைக்கலாம். ஃபிளாக்கும் சுருக்கும்தான், ஆனால் ஒரு எண்ணையும் குத்துமதிப்பாக்காமல். விரித்தால் ஒரு பிட் பிசகாது. சாதாரணப் பாட்டு அதில் பாதியைவிடச் சற்றுப் பெரிய அளவுக்குச் சுருங்கும். கேசட்டுக்கு அவ்வளவு குறையாது, ஏனென்றால் டேப்பின் ‘உஸ்’ இரைச்சலில் எந்த ஒழுங்கும் இல்லை. ஒழுங்கில்லாததை எந்த மென்பொருளாலும் பிட் பிசகாமல் சுருக்க முடியாது.

அதே ‘உஸ்’தான் சின்னக் கோப்பையும் கெடுக்கும். குறைந்த கிலோபிட்டில் மென்பொருள் தன் பங்கையெல்லாம் இரைச்சலுக்கே படியளந்துவிட்டு, தாத்தாவின் குரலுக்குக் கஞ்சத்தனம் பண்ணும். எனவே சுருக்குவதற்கு முன்பு, பிரதி ஒன்றில் மட்டும், இரைச்சலை மிதமாகக் குறைத்து, மின்சார லைனால் வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் நீக்குங்கள். பதிவு ஒற்றை மைக்கில் நடந்தது என்றால் இரண்டு தடத்தையும் ஒன்றாக்கி மோனோ ஆக்குங்கள். பாதிச் சுமை அப்போதே இறங்கும். சினிமாப் பாட்டுக்கும் இது பொருந்தும். தமிழில் ஸ்டீரியோ என்றால் 1978-இல் வந்த ‘ப்ரியா’வைத்தான் முதலில் சொல்வார்கள். அதற்கு முந்தைய விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகளை ஸ்டீரியோவாகச் சுருக்கினால் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள இரைச்சல் வித்தியாசத்துக்குத்தான் இடம் ஒதுக்குகிறோம்.

90 நிமிடக் கேசட் ஒன்று ஸ்டீரியோவில் சுருக்காமல் சுமார் 950 எம்.பி. மோனோவாக்கினால் அதில் பாதி. பேச்சுக் கேசட் என்றால் அதிலிருந்து 24 கிலோபிட் ஓபஸ் எடுத்தால் 16 எம்.பி.; குடும்பக் குழுவில் போட அது போதும். பாட்டுக் கேசட்டுக்கு 96 கொடுங்கள், 65 எம்.பி. வரும். ஃபிளாக்கை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். பத்து வருடம் கழித்து ஓபஸைவிடக் கெட்டிக்கார முறை ஒன்று வந்தால், சுருக்கிய கோப்பைத் தொடாமல், அந்த ஃபிளாக்கிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.